மாமியார் முகமும் ஒரு வண்டிக் கரியும்

கிளெனிபாவின் வீட்டுக்குப் பின்புறம், கரி கொட்டிவைக்கும் இடத்தில், அவ்வாண்டு கிறிஸ்துமஸ் கழிந்தபோது தூளைத் தவிர வேறொன்றும் எஞ்சியிருக்கவில்லை. அந்தத் தூளையும் அவள் வீணாக்குகிறவள் அல்லள். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மாவுப்பையின் தாளில் பொட்டலங்களாக மடித்து, பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பில் ஒவ்வொன்றாக இட்டுவந்தாள். பொட்டலம் எரிகையில் சூட்டைக் காட்டிலும் புகையே மிகுதியாக வந்தது.

எங்கள் மேட்டில் கரிக்குப் பஞ்சம் வரும் என்று முன்னாளில் எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்போம். ஆடு மேயும் நிலத்துக்கு அடியில் கிடப்பதே கரிதான். மேட்டின்மேல் சுரங்கம் நடந்த காலத்தில், அதன் வாசலருகே ஊராருக்கென்று ஒரு குவியல் கொட்டிவைப்பார்கள். காலையில் வண்டியை எடுத்துப் போனால், கூழ் ஆறுவதற்குள் திரும்பிவிடலாம். அந்தச் சுரங்கத்துக் கரி மின்சாரமாகி, நாங்கள் பார்த்திராத நகரங்களுக்குப் போயிற்று. கிளெனிபாவின் வீட்டுக்கு மின்கம்பம் வரவே இல்லை. ஆயினும் அடுப்புக்குக் கரி இருந்தது. பின்பு சுரங்கத்தை மூடினார்கள். இப்பொழுது கரி வேண்டுமென்றால் மாநில எல்லையைத் தாண்டி, நியூ மெக்சிகோ பக்கத்துச் சுரங்கம் ஒன்றுக்குப் போகவேண்டும். முதியோர்க்கு அங்கே பருவத்துக்கு ஒரு வண்டி இனாம். பெட்ரோல் இனாம் அன்று.

சென்ற ஆண்டுவரை அவளுடைய அக்காள் மகன் போய்க் கொண்டுவந்து கொடுத்தான். அவன் பற்றவைப்பு வேலை கிடைத்து ஃபீனிக்ஸ் நகருக்குப் போய்விட்டான். எஞ்சியிருந்த வண்டி ஒன்றே ஒன்று. அது அவளுடைய மருமகன் எமர்சனுடையது.

எமர்சன் நல்லவன். குழாய் வராத வீடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிச் சென்று விற்றுப் பிழைப்பவன். திருமணமான நாள்முதல் மாமியாரின் ஆட்டுப்பட்டிக்கு வேலி கட்டுவதும், கூரைக்கு மண் பூசுவதும் அவன்தான். எனினும் அவன் முகத்தைக் கிளெனிபா ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் முகத்தை அவனும் பார்த்ததில்லை. எங்கள் பழங்குடிப் பாஷையில் மருமகனுக்கு மாமியார் என்றால் ‘பார்க்கக்கூடாதவள்’ என்றே பொருள். பார்த்தால் கண் போகும் என்பது முன்னோர் வாக்கு. இந்நாளில் பெரும்பாலோர் அதை விட்டுவிட்டனர். கிளெனிபா விடவில்லை. அவளுடைய அக்காளின் மருமகன் ஒருவன் விளையாட்டாகத் தன் மாமியாரைப் பார்த்தான். நடுவயதிலேயே பார்வை இழந்தான். சர்க்கரை நோய் என்றார் மருத்துவர். கிளெனிபா மருத்துவரோடு வாதாடவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டுக்குச் சற்று முன்னாலேயே வண்டியை நிறுத்தி, எமர்சன் வழக்கம்போல் ஒலி எழுப்பினான். கிளெனிபா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் வெர்லீன் மட்டும் உருளைக்கிழங்கும் மாவும் சுமந்துகொண்டு நடந்து வந்தாள்.

“என்னம்மா இது, கண்ணைத் தொறக்க முடியலியே!”

“தொறக்காத. இங்க பாக்கறதுக்கு என்ன கெடக்கு? உக்காந்து கூழைக் குடி.”

நீலச்சோளக் கூழை வாங்கிக்கொண்ட வெர்லீன் அடுப்பருகே அமர்ந்தாள். அவள் கயென்டா ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். எதையும் சுற்றிவளைக்காமல் பேசுவாள்.

“இந்தத் தூளு இன்னும் ஒரு வாரம் வராது. என்ன செய்யப்போற?”

“மரம் எரிக்கறேன்.”

“எந்த மரம்? பக்கத்துல இருந்ததெல்லாம் வெட்டியாச்சு. காட்டுக்குள்ள போக உன் முட்டி ஒத்துக்குமா? எங்க வீட்டுக்கு வாயேன்.”

“ரெண்டு ரூமு வீடு. ஒண்ணுல நானு, ஒண்ணுல அவரு. நீ நடுவுல செவுரு மாதிரி நிப்பியா?”

“அப்ப முதியோர் இல்லம்தான். அங்க கொழாயைத் திருகினா வெந்நி வருதாம்.”

“ஆடுங்களையும் சேத்துக்குவாங்களா?”

“ஆடுங்களை வித்துரணும்.”

“அப்ப என்னையும் சேத்து வித்துரு. எடைபோட்டா நான்தான் கம்மியா வருவேன்.”

வெர்லீன் சிரிக்கவில்லை. கூழை வழித்துக் குடித்துவிட்டு, சொல்லவந்ததைச் சொன்னாள்.

“அவரு கரிக்குப் போறேங்கறாரு. ஆனா இந்த வருஷம் யார் பேர்ல கரியோ அவங்க நேர்ல வந்து நிக்கணுமாம். போன வருஷம் செத்தவங்க பேர்லயெல்லாம் வாங்கி, ரோட்டோரத்துல வித்துட்டானுங்க.”

“செத்தவங்க பேச்சை வீட்டுக்குள்ள பேசாத.” கிளெனிபா அடுப்பைக் கிளறினாள். நெடுநேரம் கிளறினாள். “எவ்வளவு தூரம்?”

“போகவே நாலு மணி நேரம் ஆகும்.”

“நான் பின்னாடி, பாரம் ஏத்தற தொட்டியில உக்காந்துக்கறேன்.”

“கரி வாங்கப் போயிட்டு ஐஸ்கட்டியா கொண்டு வரச் சொல்ற?”

“அப்ப நடுவுல போர்வை கட்டு. நீ போர்வைக்கு அந்தப் பக்கம் உக்காரு. வழியில எங்கயும் நான் எறங்கறப்ப அவரு எறங்கக்கூடாது.”

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டார்கள். எங்கள் மேட்டுப்பாதை உறைந்திருக்கும்வரை சிமெண்டுத் தளம்போல் இருக்கும். வெயில் ஏறிவிட்டால் களியாகிவிடும். எமர்சன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்க, கிளெனிபா கம்பளிச் சால்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஏறி, வலப்பக்கக் கதவோரம் ஒண்டினாள். வெர்லீன் வண்டிக் கூரையிலிருந்து ஒரு கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, இருவருக்கும் நடுவில் அமர்ந்தாள்.

மண்பாதை முடிந்து தார்ச்சாலை வந்த பின்பே எமர்சன் வாய் திறந்தான்.

“வெர்லீன், காலுக்குச் சூடு வருதான்னு உங்கம்மாகிட்ட கேளு.”

“அம்மா, காலுக்குச் சூடு வருதா?”

“வருதுன்னு சொல்லு.”

“வருதாம்.”

“எனக்குக் கேட்டுச்சு.”

“கேட்டுச்சுன்னா என்னை எதுக்கு இழுக்கறீங்க? ரெண்டு பேரும் செவுடா? நான் தூங்கப்போறேன்.”

“நீ தூங்கிட்டா நாங்க எப்படிப் பேசிக்கறது?” என்றது போர்வைக்கு அப்பாலிருந்த குரல்.

எமர்சன் வாய்விட்டுச் சிரித்தான். மாமியார் பேசக் கேட்டுச் சிரிப்பது தகுமா என்ற ஐயம் வரவே, அச்சிரிப்பை இருமலாக மாற்றினான்.

கம்பளி தொங்கியதால் வலப்பக்கத்துக் கண்ணாடி அவனுக்குத் தெரியவில்லை. ஒருமுறை அவன் வண்டியை அப்பக்கம் ஒடித்தபோது, பின்னால் வந்த லாரியொன்று அலறிக்கொண்டு விலகிற்று. அதுமுதல் கிளெனிபாவே அந்தக் கண்ணாடியைப் பார்த்து, சன்னலை நோக்கிச் சொல்லலானாள்.

“எண்ணெய் லாரி ஒண்ணு வருது. ரொம்ப அவசரம்போல. போகட்டும்னு சொல்லு.”

“போகட்டுமாம்.”

“சரின்னு சொல்லு.”

இவ்வாறு பேசிக்கொண்டே சிவப்புப் பாறைகளையும், பனி அரைகுறையாக மூடிய மணல்வெளியையும் கடந்து சென்றார்கள். காப்பி தீர்ந்தது. ஒரு பெட்ரோல் கடையில் எமர்சன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டான். வெர்லீன் அந்த வாரம் வாங்கிய கூலியில் பெரும்பகுதி அங்கேயே போயிற்று.

சுரங்கத்து வாசலில் வண்டிகள் நெடுந்தூரம் வரிசையாக நின்றன. எஞ்சினை அணைத்தால் குளிர். அணைக்காவிட்டால் திரும்பிப் போகப் பெட்ரோல் போதாது. ஆகையால் அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இரண்டு வண்டி தள்ளிப் பின்னால் நின்ற, சிறிய இழுவண்டி பூட்டிய பழைய காரிலிருந்து ஒருவன் இறங்கிவந்து, கிளெனிபாவின் பக்கத்துச் சன்னலைத் தட்டினான். லெஸ்டர் என்று தன் பெயரைச் சொன்னான்.

“எந்தப் பக்கம், அம்மா?”

“கரிச் சுரங்கத்து மேட்டுலேர்ந்து வர்றோம்.”

“மேட்டுலேர்ந்தா? கரிமேல உக்காந்துக்கிட்டுக் கரிக்கு இங்க வர்றீங்களா?”

“மீன் தண்ணிக்கு அலையற கதைதான். நீ எந்தக் குலம்?”

“கசப்புநீர்.”

“நானும் கசப்புநீர்தான்.”

“அப்ப நீங்க எனக்கு அக்கா!”

“உன் நரையைப் பாத்தா அண்ணன் மாதிரில்ல இருக்கே?”

“குளிர்ல நரைச்சதுக்கா.” அவன் உள்ளே எட்டிப் பார்த்தான், போர்வையைக் கண்டு புரிந்துகொண்டான். “அந்தப் பக்கம் மாப்பிள்ளையா? இன்னும் இதைக் காப்பாத்தற ஆளுங்க இருக்கீங்களே! எங்க மாமியாரு என்கூடவே உக்காந்து டிவி பாக்குது. ரிமோட்டுக்குச் சண்டை போடுது.”

“அதான் உன் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு.”

லெஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு சற்றுத் தணிந்த குரலில், மேட்டைத் தாண்டிப் போகும் சாலையில் உள்ள தன் மகள் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகவும், கட்டில் சட்டத்தை நேற்று உடைத்து எரித்ததாகவும் சொன்னான்.

“குழந்தை சிரிச்சிருச்சா?” என்று கிளெனிபா கேட்டாள். முதற்சிரிப்புக்கு விருந்து வைப்பது எங்கள் வழக்கம்.

“இன்னும் இல்லைக்கா. வீட்டுக்குள்ளயே மூச்சு புகையா வருது. எதைப் பாத்துச் சிரிக்கும்?”

அவர்கள் முறை வந்தது. வளாகத்துக்குள் ஓட்டுநரும் கரிக்கு உரியவரும் ஆக இருவர் மட்டுமே போகலாம் என்று காவலர் கூறவே, வெர்லீன் வாசலிலேயே நிற்கவேண்டியதாயிற்று. இருவர் தலையிலும் கவசத்தொப்பி மாட்டினார்கள். வண்டியை நிறுத்தி இறங்கி, தரையில் தீட்டிய மஞ்சள் கோட்டின்மேல் இருவரும் அருகருகே நிற்கவேண்டும். கரி அள்ளும் பொறி கொட்டும். போதும் என்று தோன்றியவுடன் ஓட்டுநர் கையை உயர்த்தவேண்டும். அங்குள்ள நடைமுறை இவ்வளவே.

அவர்கள் அருகருகே நின்றார்கள். கிளெனிபா சால்வையை முழுதும் இழுத்து மூடி மேற்கே திரும்பிக்கொண்டாள். வண்டியும் அவளுக்கு அப்பால், அதே மேற்குத் திசையில் நின்றது. ஆகையால் எமர்சன் தொப்பியைக் கண்வரை இறக்கிக் கிழக்கே திரும்பி நின்றான். கரி விழும் ஓசை கேட்டது. ஓசையைக் கொண்டே அளவை அறிந்துகொள்ளலாம் என்று அவன் எண்ணினான். பொறி வாரிக் கொட்டிய முதல் வாரலிலேயே வண்டித் தொட்டி ஏறத்தாழ நிரம்பிவிட்டது. அவன் கையை உயர்த்தினான். அப்பொழுது பொறி இரண்டாம் வாரலுக்காகப் பின்வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் கையைக் காணவில்லை. கை உயர்ந்ததைக் கிளெனிபாவும் காணவில்லை. இரண்டாம் வாரல் முழுவதும் வந்து கொட்டியபோது வண்டி தரையோடு தரையாக அமிழ்ந்தது.

“ஐயோ, நிறுத்துப்பா!” என்று எமர்சன் கத்தினான்.

பொறியை ஓட்டியவன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். “நீங்க இந்தப் பக்கம் பாக்கவே இல்லியே! ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தா நான் என்ன செய்யட்டும்?”

“கொஞ்சம் திருப்பி அள்ளிக்க.”

“கொட்டினதை அள்ள எனக்கு உத்தரவு இல்லை. இங்க மண்வாரி போடவும் கூடாது. நகருங்க, பின்னாடி ஆளு நிக்கறாங்க.”

வாசலில் வெர்லீன் ஏறிக்கொண்டபோது வண்டியின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. வரிசையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

“என்ன இப்படி உக்காந்துருச்சு வண்டி!” என்றாள் வெர்லீன்.

“கெடக்கட்டும்.” கிளெனிபாவின் குரலில், மகள் நெடுநாளாகக் கேட்டிராத ஒரு துள்ளல் இருந்தது. “ஏப்ரல் வரைக்கும் ஆச்சு. ஆடு குட்டி போடற வரைக்கும் ஆச்சு. கரி நல்ல கரி, பாத்தியா? தூளே இல்லை. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, நல்ல கரி.”

எமர்சன் வெளியே சாலையோரம் நிறுத்திப் பாதியைத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். போன ஆண்டு பழுதுபார்த்த கியர்ப்பெட்டி அது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் அவனுக்கு மனம் வரவில்லை. அத்தனை ஆண்டுகளில் மாமியார் மகிழ்ந்து அவன் கேட்டது அதுவே முதல்முறை.

“மெதுவா போனா போயிரும்” என்றான்.

வழியில் ஷிப்ராக் சந்தையில் சுட்ட ஆட்டிறைச்சியும் பச்சைமிளகாயும் வைத்துச் சுருட்டிய ரொட்டி வாங்கித் தின்றார்கள். கிளெனிபா தன் பங்கில் கொழுப்புள்ள துண்டைப் பிரித்து, போர்வைக்கடியில் கை நீட்டி மகளிடம் கொடுத்தாள். “இதை அவருக்குக் குடு. வேலி கட்டற கை.” திரும்பும் வழியெல்லாம் ஆடுகளைப் பற்றியே பேசினாள். எந்த ஆடு இரட்டைக்குட்டி போடும், எதற்குப் பால் மட்டு என்றெல்லாம் சொல்லச் சொல்ல, வெர்லீன் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மேடு ஏறத் தொடங்கும் இடத்தை அடைந்தபொழுது வெயில் சாய்ந்திருந்தது, பாதை களியாகிவிட்டிருந்தது. முதல் வளைவிலேயே எஞ்சின் உறுமிற்று; வண்டி நகரவில்லை. எமர்சன் மீண்டும் மிதித்தான். அடியிலிருந்து தீய்ந்த எண்ணெய் நாற்றமும், பின்பு புகையும் எழுந்தன. வண்டி மெல்லப் பின்னோக்கி வழுக்கி, சாலையோரத்தில் போய் நின்றது.

எமர்சன் இறங்கி, சேற்றில் மல்லாந்து அடியில் நுழைந்தான். வெர்லீன் அருகில் குந்தினாள். வண்டிக்குள் கிளெனிபா சால்வைக்குள் அசையாமல் இருந்தாள். அவர்கள் பேசியது அனைத்தும் அவள் காதில் விழுந்தது.

“போச்சா?”

“முழுசாப் போகலை. ஆறவச்சு, பாரத்தை எறக்கினா மெல்ல ஏறும். பாதிக்கு மேலயே எறக்கணும்.”

“பாதிக்கு மேலயா? வண்டியில மிஞ்சறது பிப்ரவரிக்கே வராதே!”

“வராது.”

“நாளைக்கு வந்து மிச்சத்தை ஏத்திக்கலாம்ல?”

“எதுல ஏத்தறது? இது வீடு போய்ச் சேந்தா அதோட படுத்துரும். தண்ணித் தொட்டி இழுக்கறதே இனிமே சந்தேகம்.”

அவன் மண்வாரியை எடுத்துக் கரியைத் தள்ளத் தொடங்கினான். பளபளவென்று பெரிய பெரிய கட்டிகள். ஒவ்வொரு வாரலும் சேற்றில் விழுந்த ஓசைக்கு வெர்லீன் முகத்தைச் சுளித்தாள். சிறிது நேரத்துக்குப்பின் எமர்சன் மண்வாரியை ஊன்றி நின்று, வண்டிக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினான்.

“உங்கம்மாகிட்ட சொல்லு. தப்பு என்னுது. வாசல் தாண்டினதுமே எறக்கியிருக்கணும். இனிமே இந்தக் கரியை நம்பி மேட்டுல இருக்க முடியாது. எங்க வீட்டுக்கு வரட்டும். ஆட்டுக்குப் பக்கத்துல பட்டி கட்டித் தரேன். இந்தப் போர்வையை நான் இப்பவே அவுத்துடறேன். கண்ணு போனாப் போகட்டும். எத்தனையோ பேரு பாக்கறாங்க, எல்லாருக்குமா போயிருச்சு?”

வெர்லீன் கதவருகே போனாள். “அம்மா...”

“கேட்டுச்சு.” உள்ளேயிருந்து வந்த குரல் சமமாக இருந்தது. “அவரு கண்ணை வாங்கிக்கிட்டு நான் சூடா உக்காந்திருக்கணுமா? வேண்டாம்னு சொல்லு. அவருக்கு ரோட்டுல போற பொழப்பு. கண்ணை வச்சுத்தான் உனக்குச் சோறு.”

“அது வெறும் பேச்சும்மா. சர்க்கரை வியாதின்னு டாக்டரே சொன்னாருல்ல?”

“இருக்கலாம். பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்னா என் மருமகனை வச்சு நான் பாக்கமாட்டேன். தப்பு அவருது இல்லைன்னும் சொல்லு. நான்தான் குதிச்சேன், நல்ல கரி நல்ல கரின்னு.”

மண்வாரி மீண்டும் ஓசையிடத் தொடங்கிற்று.

அவன் போதுமான அளவு தள்ளி முடித்த நேரத்தில், பழைய கார் ஒன்று இழுவண்டி தடதடக்க வந்து நின்றது. லெஸ்டர் இறங்கினான். இழுவண்டி வெறுமையாக இருந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“வண்டிக்கு மூச்சு வாங்குது. உனக்குக் கரி குடுக்கலியா?”

“உங்களுக்கு அப்பறம் ஒரே ஒரு வண்டிதான். குவியல் தீந்துபோச்சு. அடுத்த வாரம் வான்னாங்க. அடுத்த வாரத்துக்குப் பெட்ரோலுக்கு எங்க போறது?” அவன் பார்வை சாலையோரம் கிடந்த குவியலில் பட்டு, நாகரிகமாக விலகிற்று.

கிளெனிபா சன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“அள்ளிக்க, தம்பி.”

“அம்மா!” என்றாள் வெர்லீன்.

“எதுக்குக் கத்தற? நம்மால மேல கொண்டுபோக முடியாது. விட்டுட்டுப் போனா இருட்டறதுக்குள்ள எவனோ அள்ளப்போறான். நம்ம குலத்து ஆளுக்குப் போகட்டும். அந்தக் கொழந்தை சிரிக்கட்டும்.”

லெஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “அக்கா, உங்க குளிர்காலத்துக்கு?”

“என் குளிர்காலத்தை நான் பாத்துக்கறேன். நீ நேரத்தோட அள்ளு.”

எமர்சனும் லெஸ்டரும் சேர்ந்து அள்ளினார்கள். சேறு ஒட்டிய கட்டிகளை லெஸ்டர் கால்சட்டையில் துடைத்துத் துடைத்துப் போட்டான். இழுவண்டி நிரம்பியது. சன்னலில் இருந்த கிளெனிபாவின் கையை ஒருமுறை தொட்டுவிட்டு அவன் போனான்.

எமர்சன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது. மூவரும் முன்போலவே ஏறிக்கொண்டார்கள். வெர்லீன் கம்பளியைச் சரிசெய்தாள்.

“வண்டியில இருக்கற கரியை வச்சுக்கிட்டு எப்படிம்மா?”

“அது போதும்.” கிளெனிபா சால்வையை விலக்கிக்கொண்டு சன்னல் வழியே மேட்டைப் பார்த்தாள். “ஆடு வாங்கற ஆளுக்கு நாளைக்குப் போன் பண்ணு. அவன் வந்து ஓட்டிக்கிட்டுப் போற வரைக்கும் அது போதும். அப்பறம் எனக்கு அந்தக் கொழாய் வெந்நிதான். சினை ஆடுங்களைத் தனியாப் பிரிச்சு விக்கக்கூடாதுன்னு சொல்லு. சேந்து வளந்ததுங்க.”

போர்வைக்கு மறுபக்கத்திலிருந்து எமர்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெர்லீன் அவன் தொடையில் கையை வைத்தாள். அவன் சாவியைத் திருப்பினான்.

பாரம் குறைந்திருந்தபடியால் வண்டி ஒரு முனகலும் இன்றி மேட்டில் ஏறிற்று.